மணல் மூடிய ஊரும் பதினெட்டு கிலோ முட்டைக்கோசும்

இந்தக் கதையை முட்டைக்கோசிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. நாம் கடையில் வாங்குகிற முட்டைக்கோஸ் ஒரு கிலோ இருக்கும், மிஞ்சிப்போனால் ஒன்றரை கிலோ. 1960களில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், வேலை இல்லாத ஒரு மனுஷர் தன் கேரவனுக்குப் பக்கத்தில் வளர்த்த முட்டைக்கோஸ் 40 பவுண்டு இருந்தது என்கிறார்கள். அதாவது 18 கிலோ. அஞ்சு வயசுப் பிள்ளையின் எடை! வளர்ந்த இடம் கரிசலும் இல்லை, வண்டலும் இல்லை. கடற்கரை மணல்.

எப்படிய்யா இது என்று கேட்டவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில்தான் அந்த ஊரை உலகப் பிரபலமாக்கியது. 'செடிகளின் தேவர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்தோம்.'

ஊர் பேர் ஃபிண்ட்ஹார்ன். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது இந்தக் கதைதான். எனக்கும் அறிமுகம் அப்படித்தான். ஆனால் படிக்கப் படிக்க, முட்டைக்கோசை விட அந்த மணல் மேல்தான் எனக்கு ஆர்வம் அதிகமாகிவிட்டது. அதனால் தேவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். மணலையும் ஆற்றையும் பார்த்துவிட்டு அவர்களிடம் வருவோம் :-)

ஸ்காட்லாந்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டால், வடகிழக்கில் கடல் ஒரு முக்கோணமாக உள்ளே குத்திக்கொண்டு போவது தெரியும். அதுதான் மோரே வளைகுடா. அதன் தென்கரையில் கிட்டத்தட்ட வட்டமாக ஒரு சின்ன உள்விரிகுடா, கடலுக்கு ஒரு குறுகிய வாசல் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வாசலின் கிழக்குக் கரையில் இருப்பது ஃபிண்ட்ஹார்ன் கிராமம். தெற்கே சில மைல் உள்ளே ஃபாரஸ் என்கிற பழைய நகரம். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் சூனியக்காரிகளைச் சந்திக்கிறானே, அது ஃபாரஸுக்குப் போகிற வழியில்தான்.

ஊருக்குப் பேர் கொடுத்தது ஆறு. மோனலியா மலையில் பிறந்து, வடகிழக்காக சுமார் 100 கிலோமீட்டர் ஓடி, இந்த விரிகுடாவில் வந்து விழுகிறது ஃபிண்ட்ஹார்ன் ஆறு. கேலிக் மொழியில் ஊரின் பேர் இன்வர் எரன். 'இன்வர்' என்றால் ஆற்று முகத்துவாரம். இன்வர்னெஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அது நெஸ் ஆற்றின் முகத்துவாரம். அதே கணக்கு. மலையின் கரிப்புல் சதுப்பு வழியாக வருவதால் தண்ணீர் பால் விடாத டீ மாதிரி பழுப்பாக இருக்கும். சால்மன் மீனுக்குப் பேர் போன ஆறு.

இப்போது நாம் படத்தில் பார்க்கிற கிராமம் பழைய கிராமம் இல்லை. பழைய ஃபிண்ட்ஹார்ன் இதற்கு வடமேற்கே ஒரு மைல் தள்ளி இருந்தது. அந்த இடம் இன்றைக்குக் கடல். கடலும் மணலும் சேர்ந்து அந்த ஊரைத் தின்றுவிட்டன. ஜனங்கள் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து மறுபடி வீடு கட்டினார்கள், அதே பேரை வைத்தார்கள்.

மணல் செய்த பெரிய அட்டூழியம் இது கூட இல்லை. அது விரிகுடாவுக்கு மேற்குப் பக்கம் நடந்தது.

அங்கே கல்பின் என்று ஒரு ஜமீன் இருந்தது. கின்னர்ட் குடும்பத்துச் சொத்து. மாளிகை, பழத்தோட்டம், குத்தகைக்கு விட்ட பண்ணைகள் என்று செழிப்பான இடம். 1694 இலையுதிர்காலத்தில் மேற்கிலிருந்து அடித்த புயலில் மணல் கிளம்பி வந்து அத்தனையையும் மூடியது. அறுவடை பண்ணிக்கொண்டிருந்தவர்கள் கதிரைப் போட்டுவிட்டு ஓடினார்கள், ராத்திரியில் வீட்டு வாசலை மணல் அடைத்துக்கொண்டதால் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். பிற்காலத்தில் ஒரு காற்றில் மணல் விலகி மாளிகையின் புகைபோக்கி மட்டும் தலையைக் காட்டியதாம். ஒருத்தன் அதற்குள் குனிந்து கத்தினானாம், உள்ளேயிருந்து பதில் குரல் வந்ததாம்! நல்ல கதை. நம்மூர் பாட்டிகள் கேட்டிருந்தால் இன்னும் ரெண்டு பேயைச் சேர்த்திருப்பார்கள்.

ஆனால் ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. ஒரே ராத்திரியில் எல்லாம் நடக்கவில்லை, பல வருஷமாகவே மணல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்தது, 1694 புயல் கடைசி அடி என்கிறார்கள். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. ஏனென்றால் மறு வருஷம் நடந்த இரண்டு காரியங்களுக்குக் காகிதச் சாட்சி இருக்கிறது. ஒன்று, 1695இல் ஜமீன்தார் அலெக்ஸாண்டர் கின்னர்ட் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு மனு போடுகிறார்: 'நிலமே மணலுக்கு அடியில் போய்விட்டது, வரியைக் குறையுங்கள்.' இரண்டு, அதே 1695இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடுகிறது: கடற்கரை மணல்மேட்டில் வளர்கிற புல்லை யாரும் பிடுங்கக் கூடாது.

ஒரு புல்லுக்கு எதற்குச் சட்டம் என்று யோசித்தேன். நம் கடற்கரையில் ராவணன் மீசை என்று ஒரு முள்ளுப் புல் இருக்குமே, மணலுக்குள் வேரை ஓட்டி மேட்டைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே அந்த வேலையைச் செய்வது மேரம் என்கிற புல். குடிசைக்கூரை வேய்வதற்காக ஜனங்கள் அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வேர் போனதும் மணலுக்குப் பிடிமானம் போனது. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. தங்கள் தலைக்கு மேல் கூரை போட எடுத்த புல், கடைசியில் கூரையோடு சேர்த்து மணலைப் போட்டுவிட்டது.

அதற்கப்புறம் இருநூறு வருஷத்துக்கு மேல் கல்பின் ஒரு பாலைவனம். ஸ்காட்லாந்தின் சஹாரா என்றே சொன்னார்கள். அதை அடக்கியது எந்த மந்திரமும் இல்லை, வனத்துறை. 1920களில் ஆரம்பித்தார்கள். சுள்ளிகளையும் கிளைகளையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மணல் மேல் பாய் விரித்த மாதிரி பரப்பினார்கள். காற்றால் மணலைத் தூக்க முடியவில்லை. சுள்ளி இடுக்கில் பைன் கன்றுகளை நட்டார்கள். பல பத்தாண்டுகள் பிடித்தது. இன்று அது கல்பின் காடு. மணல் எங்கேயும் போகவில்லை, மரங்களுக்கு அடியில் அப்படியே குன்று குன்றாகப் படுத்திருக்கிறது.

இந்தச் சுள்ளி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோசுக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

அடுத்தது ஆறு. மலையில் செங்குத்தான பள்ளத்தாக்குகள், சதுப்பு ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் மேலே பெய்கிற மழை தங்க இடமில்லாமல் மொத்தமும் சரசரவென்று இறங்கிவிடும். பிரிட்டனில் சட்டென்று பெருகும் ஆறுகளில் ஒன்று இது. 1829 ஆகஸ்ட் 3, 4 தேதிகளில் வந்த வெள்ளத்தை இன்றும் 'மக்கிள் ஸ்பேட்' என்கிறார்கள். 'பெருவெள்ளம்' என்பதற்கு ஸ்காட் மொழிப் பேச்சு.

இந்த வெள்ளத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், அதை எழுதி வைக்க ஆற்றங்கரையிலேயே ஒரு எழுத்தாளர் குடியிருந்தார். சர் தாமஸ் டிக் லாடர். ஃபிண்ட்ஹார்னோடு டிவி என்கிற சிற்றாறு சேருகிற இடத்தில், ரெலுகஸ் என்ற பங்களாவில் இருந்தார். தன் தோட்டமும் வெள்ளத்தில் போன பிறகு, ஊர் ஊராக விசாரித்து, யார் வீட்டில் என்ன ஆச்சு, எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று எழுதி 1830இல் புத்தகமாகப் போட்டார். ராஜா ராணி கதை இல்லை. கூரை மேல் ஏறி உட்கார்ந்த கிழவிகளின் கதை, மிதந்து போன மாடுகளின் கதை. அந்தக் காலத்தில் ஒரு பிரபு இப்படி உட்கார்ந்து ஏழை பாழைகளின் கஷ்டத்தைக் கேட்டு எழுதியது பெரிய விஷயம்.

ரெலுகஸுக்குப் பக்கத்தில் ராண்டால்ஃப்ஸ் லீப் என்று ஒரு இடம். ராண்டால்ஃபின் தாவல். ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகி, துணிந்தவன் தாண்டிவிடலாம் என்கிற மாதிரி ஓடும். (உண்மையில் தாண்டியது ராண்டால்ஃப் இல்லையாம். அவருக்குத் தப்பி ஓடிய காமின் குலத்து ஆள்தான் தாண்டினார். தாண்டினவனை விட்டுவிட்டு, துரத்தினவன் பேரை வைத்துவிட்டார்கள். வரலாற்றில் இதெல்லாம் சகஜம்.) அந்த இடுக்கில் 1829இல் தண்ணீர் 50 அடி உயர்ந்தது. ஐந்து மாடி உயரம்! லாடரின் வீட்டு பட்லர், வழக்கமான ஆற்று மட்டத்துக்கு 50 அடி மேலே, புல்வெளியில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு சால்மன் மீனைக் குடையால் பிடித்தார் என்று ஒரு தகவல் உண்டு. ஊரே மூழ்கும்போது இந்த மனுஷனுக்கு ராத்திரி சாப்பாட்டுக் கவலை. வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டும் கல் அங்கே நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் ஆறு எங்கேயோ கீழே ஓடிக்கொண்டிருக்கும்.

மலையை விட்டு இறங்கியதும் ஆறு ஃபாரஸ் சமவெளியில் பரந்தது. வயல் எல்லாம் கடல். அப்போது உதவிக்கு வந்தவர்கள் ஃபிண்ட்ஹார்ன் மீனவர்கள். கடல் படகுகளைக் கொண்டுவந்து, கோதுமையும் பார்லியும் நின்ற வயல்களுக்கு மேலே பாய் கட்டி ஓட்டி, கூரைகளிலிருந்தும் மேடுகளிலிருந்தும் ஜனங்களை இறக்கினார்கள். அந்த வயல்களைக் கொண்டவர்கள் யாரும் மீனவர்களுக்கு உறவும் இல்லை, ஒட்டும் இல்லை. எந்த ஆன்மீகச் சமூகமும் அந்த ஊரில் பிறப்பதற்கு 130 வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. ஃபிண்ட்ஹார்ன் என்றால் தேவர்கள் ஞாபகம் வருகிற அளவுக்கு இந்தப் படகுகள் ஞாபகம் வருவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அந்தக் கிராமம் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். ஃபாரஸுக்கு வேண்டிய சரக்கெல்லாம் அங்கேதான் இறங்கும். தானியமும் சால்மனும் அங்கிருந்து ஏறும். வாசலில் மணல்திட்டு நகர்ந்துகொண்டே இருக்க, கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போக, வியாபாரம் தேய்ந்தது. 1860இல் ஒரு கிளை ரயில் பாதை போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது வருஷத்தில், 1869இல், அதுவும் நின்றது. சால்மனை ஐஸில் வைத்துப் பாதுகாக்கக் கட்டிய நிலவறை மட்டும் இப்போது கிராமத்து அருங்காட்சியகமாக இருக்கிறது.

இன்னொரு பழைய சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். இந்த விரிகுடாக் கரையில் 'கூட்டாக வாழ்வோம், கடவுளைத் தேடுவோம், தோட்டம் போடுவோம்' என்று வந்தவர்களில் கேரவன்காரர்கள் முதல் ஆட்கள் இல்லை. 1150இல் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் பக்கத்து ஊரான கின்லாஸில் சிஸ்டர்சியன் துறவிகளுக்கு ஒரு மடம் கட்டிக்கொடுத்தார். நாலு நூற்றாண்டு இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ரீட் என்கிற மடாதிபதி, பழமரங்களை ஒட்டுக்கட்டுவதில் கெட்டிக்காரரான ஒரு தோட்டக்காரரை பிரான்சிலிருந்தே வரவழைத்தார். 1560இல் மதச் சீர்திருத்தம் வந்து மடங்களின் காலம் முடிந்தது. 1650களில் அந்த மடத்துக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் இன்வர்னெஸில் கிராம்வெல்லின் கோட்டைக்கு வைத்தார்கள். மிச்சம் இருப்பது சில வளைவுகளும் சுவர்களும்.

சரி, இப்போது தேவர்கள் வரலாம்.

1962 நவம்பர் 17. பனி, குளிர், இருட்டு. ஃபிண்ட்ஹார்ன் கிராமத்துக்கு ஒரு மைல் தெற்கே இருந்த கேரவன் பூங்காவுக்கு ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். பீட்டர் கேடி, அவர் மனைவி அய்லீன், மூன்று பையன்கள், டொரத்தி மெக்லீன் என்கிற கனடாக்காரத் தோழி. கேரவன் என்றதும் நம் சினிமா ஷூட்டிங்கில் ஹீரோ உட்கார்கிற ஏசி வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது ஏழைகள் குளிர்காலம் தள்ளுகிற தகரப் பெட்டி. ஒரு பக்கம் குப்பை மேடு. இன்னொரு பக்கம் கின்லாஸ் விமானப்படைத் தளம்.

பீட்டர் விமானப்படையில் சாப்பாட்டுப் பிரிவு அதிகாரியாக இருந்தவர். அப்புறம் ஃபாரஸில் க்ளூனி ஹில் என்ற பெரிய ஹோட்டலுக்கு மேனேஜர். ஹோட்டலை எப்படி நடத்தினார் தெரியுமா? அய்லீனுக்கு உள்ளே ஒரு குரல் கேட்கும். கடவுளின் குரல் என்று நம்பினார்கள். அந்தக் குரல் சொல்வதை அவர் எழுதிக் கொடுப்பார், பீட்டர் அதை அப்படியே செய்வார். ஹோட்டல் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் நிர்வாகம் அவர்களை வேறொரு ஹோட்டலுக்கு மாற்றி, ஒரு சீசன் முடிந்ததும் வேலையை விட்டே அனுப்பிவிட்டது. குளிர்காலம் முடிகிற வரைக்கும் என்று வந்த இடம் அந்தக் கேரவன். அரசாங்கம் கொடுக்கிற வேலையில்லாப் படியில் ஆறு வயிறு.

அய்லீனைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. இவர் பீட்டரோடு வருவதற்கு முன் வேறொரு விமானப்படை அதிகாரியின் மனைவி. ஐந்து பிள்ளைகள். அந்த ஐந்து பேரையும் விட்டுப் பிரிந்துதான் இந்த வாழ்க்கைக்கு வந்தார். அந்தக் குரல் முதலில் கேட்டது 1953இல், கிளாஸ்டன்பரியில், இந்தப் பிரிவின் வேதனையில் இருந்தபோது. பக்தர்கள் இதை அருள் என்பார்கள், மனோதத்துவக்காரர்கள் வேறு பேர் சொல்வார்கள். எனக்கு அந்த ஐந்து பிள்ளைகளின் பக்கமிருந்தும் ஒரு கணம் பார்க்கத் தோன்றுகிறது. கேரவனில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு இருந்ததால் அமைதியாக உட்கார இடமே இல்லை. அதனால் அய்லீன் ராத்திரியில் பூங்காவின் பொதுக் கழிப்பறைக்குப் போய் அங்கே உட்கார்ந்து தியானம் செய்தார். குளிர்காலம் முழுக்க. உலகம் பூராவும் பின்னால் விற்ற ஆன்மீக வாசகங்களில் பல கழிப்பறையில் பிறந்தவை என்பதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

காசு இல்லை, நேரம் நிறைய இருக்கிறது. பீட்டர் காய்கறி போட்டார். 1963 மே மாதம் டொரத்திக்கு ஒரு அனுபவம். பட்டாணிச் செடியை நினைத்துத் தியானம் செய்தபோது, தனி ஒரு செடியோடு அல்ல, பட்டாணி என்ற இனம் முழுவதையும் காக்கிற ஒரு அறிவோடு தொடர்பு கிடைத்ததாக எழுதினார். அதற்கு அவர் வைத்த பேர் 'தேவா'. ஆமாங்க, நம்ம தேவர்தான்! அந்தச் சொல் எப்படி ஸ்காட்லாந்து மணல்மேட்டுக்குப் போனது என்று பார்த்தால், வழியில் சென்னை வருகிறது. பிரம்மஞான சபை நியூயார்க்கில் 1875இல் தொடங்கி, 1882இல் அடையாற்றில் தலைமையகம் அமைத்தது. இயற்கையைப் பராமரிக்கிற தேவர்கள் என்ற கருத்தை ஆங்கில வாசகர்களிடம் பரப்பியதில் அந்தச் சபையின் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு. பீட்டரும் இந்த மாதிரி ரகசிய ஞானக் குழுக்களில் பழகியவர். நமக்கு வனதேவதை புதுசு இல்லை. அவர்களுக்குப் பட்டாணி தேவன் ரொம்பப் புதுசு.

டொரத்தி கேட்டுச் சொல்வார், பீட்டர் செய்வார். இடைவெளி எவ்வளவு விட வேண்டும், எப்போது தண்ணீர், என்ன எரு. அறுபதுக்கும் மேற்பட்ட காய்கறி வகைகள் வந்தன. அப்புறம்தான் அந்த முட்டைக்கோஸ்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று, பீட்டர் மணலில் என்னவெல்லாம் கொட்டினார் என்ற பட்டியலைப் பார்த்தேன். புல்தரையைப் பாளமாக வெட்டிக் குழிக்குள் தலைகீழாகப் போட்டார். கடலோரத்தில் ஒதுங்கிய பாசியை அள்ளி வந்தார். அக்கம்பக்கத்தில் குதிரைச் சாணம். கெட்டுப்போன வைக்கோல். அடுப்புச் சாம்பல், புகைக்கரி. விஸ்கி வடிசாலையிலிருந்து முளைகட்டிய தானியக் கழிவு. வெட்டிய புல். இத்தனையையும் அடுக்கி மட்க வைத்து, பொழுது விடிந்து பொழுது போகிற வரை, பட்டாளத்துக்காரரின் பிடிவாதத்தோடு, வேறு வேலையே இல்லாத ஒருவர் வருஷக்கணக்கில் செய்தார். ஸ்காட்லாந்தின் கோடையில் ராத்திரி பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்; முட்டைக்கோஸுக்கு அது கொண்டாட்டம். அதோடு அந்தக் கரையில் அந்த உயரத்து வடக்குக்கு எதிர்பார்க்கிற அளவு குளிரும் இல்லை, மழையும் இல்லை.

எந்த விவசாயியும் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு தேவர்களை அதிகம் தேட மாட்டார். 'இவ்வளவு கொட்டினா ஏன்யா வராது' என்பார். பக்கத்தில் கல்பினில் வனத்துறைக்காரர்கள் சுள்ளி பரப்பினார்களே, அதன் சின்ன வடிவம்தான் இது. வெறும் மணல் மேல் உயிருள்ள எதையாவது பரப்பி, அது காற்றுக்கும் வெயிலுக்கும் பறக்காமல் பார்த்துக்கொள்வது. 1695 சட்டத்தில் புல்லைப் பிடுங்காதே என்று சொன்னதும் இதே விஷயம்தான்.

ஆனால் டொரத்தியை அப்படியே தள்ளிவிடவும் எனக்கு மனசு இல்லை. தினமும் ஒவ்வொரு செடியாக உட்கார்ந்து 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்கிற ஒரு ஆள் தோட்டத்தில் இருந்தால் என்ன நடக்கும்? இலை வாடுவது முதல் நாளே கண்ணில் படும். பதில் வெளியிலிருந்து வந்ததா உள்ளேயிருந்து வந்ததா என்பது அவரவர் நம்பிக்கை. கேள்வி கேட்டது உண்மை. (தேவர்களை நம்புகிற நண்பர்கள் பின்னூட்டத்தில் என்னைத் திட்டலாம். நம்பாத நண்பர்களும் திட்டலாம். ரெண்டு பக்கமும் அடி வாங்கத் தயாராகத்தான் எழுதுகிறேன்.)

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். கேள்விப்பட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஹிப்பி காலம் வேறு. 1970இல் வந்த டேவிட் ஸ்பாங்லர் என்ற அமெரிக்க இளைஞர் இதை ஒரு கல்வி நிலையமாக மாற்ற உதவினார். 1971இல் அய்லீனின் குரல், 'இனி என்னைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லாதே, அவரவர் உள்ளே தேடட்டும்' என்று சொல்லிவிட்டதாம். நல்ல குரல்! மற்ற ஆசிரமங்களில் எந்தக் குரலும் இப்படித் தானாக ஓய்வு பெற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1972இல் ஃபிண்ட்ஹார்ன் ஃபவுண்டேஷன் என்று பதிவு செய்தார்கள். 1975இல் அவர்கள் வாங்கிய கட்டடம் எது தெரியுமா? க்ளூனி ஹில் ஹோட்டல். பீட்டர் மேனேஜராக இருந்த அதே ஹோட்டல். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். 1983இல் கேரவன் பூங்காவையும் வாங்கினார்கள்.

பீட்டர் 1979இல் ஊரை விட்டும் அய்லீனை விட்டும் போனார். 1994இல் ஜெர்மனியில் கார் விபத்தில் இறந்தார். ராட்சசக் காய்கறிகள் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தன. அவை ஒரு காலத்துக்குத் தேவைப்பட்ட அடையாளம், இனி மனிதர்களை வளர்க்கிறோம் என்றார்கள். பீட்டர் அளவுக்குச் சாணி சுமக்க ஆள் இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1980களிலிருந்து பேச்சு தேவர்களை விட்டுச் சுற்றுச்சூழல் பக்கம் நகர்ந்தது. விஸ்கி ஊறவைக்கிற ராட்சச மரத்தொட்டிகளைக் கொண்டுவந்து வட்ட வீடுகள் கட்டினார்கள். 1989இல் ஒரு காற்றாலை, 2006இல் இன்னும் மூன்று. 1995இல் சாக்கடை நீரைச் செடிகளையும் நுண்ணுயிர்களையும் வைத்துச் சுத்திகரிக்கும் கண்ணாடிக் கூடம். அதே வருஷம் அங்கே நடந்த மாநாட்டில்தான் உலகச் சூழல் கிராமங்களின் கூட்டமைப்பு பிறந்தது. அங்கு குடியிருப்பவர்களின் சூழல் சுவடு பிரிட்டிஷ் சராசரியில் பாதிதான் என்று ஒரு ஆய்வு காட்டியது. இத்தனைக்கும் வேலிக்கு அந்தப் பக்கம், நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடும் நிம்ராட் போர் விமானங்கள் இரைச்சலோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. 2006 செப்டம்பரில் அந்தத் தளத்து நிம்ராட் ஒன்று ஆப்கானிஸ்தானில் விழுந்து 14 பேர் இறந்தார்கள். ஒரு பக்கம் தியான மணி, இன்னொரு பக்கம் ராணுவ இறுதி ஊர்வலம். இப்போது அந்தத் தளம் தரைப்படையிடம் இருக்கிறது.

அய்லீன் 2006 டிசம்பரில் ஃபிண்ட்ஹார்னிலேயே காலமானார். டொரத்தி 2020 மார்ச்சில், நூறு வயது நிறைந்து, அதே ஊரில்.

அவர் போன மறுவருஷம், 2021 ஏப்ரல் 12 அதிகாலை, சமூகக் கூடமும் பிரதான தியான மண்டபமும் எரிந்து போயின. வைத்தது வெளி ஆள் இல்லை. ஆட்குறைப்பில் வேலை போகப்போகிறது என்றிருந்த ஒரு ஊழியர், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வேலை பறிபோனதால் பிறந்த ஒரு இடத்தை, வேலை பறிபோகிற ஒருவர் கொளுத்துகிறார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தீ வைத்ததை நியாயப்படுத்தவில்லை. ஆனால் பீட்டரை வேலையை விட்டு அனுப்பியபோது அவருக்கு ஒரு கேரவனும் ஒரு குரலும் கிடைத்தது, எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

கொரோனா, பிரெக்ஸிட், தீ எல்லாம் சேர்ந்து காசு வற்றியது. 2023இல் ஃபவுண்டேஷன் தன் பயிற்சி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, சுமார் 50 பேரை வேலையிலிருந்து நிறுத்தியது. 'ஃபிண்ட்ஹார்ன் மூடிவிட்டது' என்று செய்தி பரவியது. ஃபிண்ட்ஹார்ன் எங்கே மூடியது? கிராமம் இருக்கிறது, மீன் பருந்துகள் விரிகுடாவில் மீன் பிடிக்கின்றன, வட்ட வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சொத்துக்களில் சிலதை அங்கே வாழ்கிற ஜனங்களே சேர்ந்து காசு போட்டு வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள். பேர்ப்பலகை ஒன்றுதான் இறங்கியது. பேரைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் தள்ளிப் போய் மறுபடி வீடு கட்டின ஊர் அது.

அந்த முதல் கேரவன் அதே இடத்தில், தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன், சின்னதாக இருக்கிறது. அதில் ஆறு பேர் எப்படிப் படுத்தார்கள் என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.